07/08 என்றால் எந்த மாதம்?

வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி 07/08 என்று போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 என்று எடுத்துக்கொண்டேன். ஜூலை நடுவில் நிதானமாக எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பப் போனால், விண்ணப்பம் எப்போதோ மூடியிருந்தது. அவர்கள் சொன்னது ஜூலை 8. அமெரிக்க அறிவிப்பு, அங்கே மாதம்தான் முதலில் வரும்.

25/08 என்று இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை, 25ஆவது மாதம் கிடையாது. 07/08 அப்படி இல்லை. தப்பாகப் படிப்பவருக்குத் தப்பாகப் படிக்கிறோம் என்ற சந்தேகமே வராது. எனக்கு வரவில்லை. இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்கள். அதில் 05/05 மாதிரி எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருவதைக் கழித்தால் 11. ஆக, ஆண்டுக்கு 132 நாட்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

பெர்லின் சுவர் வீழ்ந்தது 1989 நவம்பர் 9. ஜெர்மானியர்கள் எழுதும் வரிசையில் அது 9.11. அமெரிக்கர்களுக்கோ 9/11 என்றால் 2001 செப்டம்பர் 11. அதே இரண்டு எண்கள்தான். ஜப்பான், சீனா, ஹங்கேரியில் ஆண்டு முதலில் வரும். ஆண்டையும் சுருக்கி 03/04/05 என்று எழுதிவிட்டால் மூன்று விதமாகப் படிக்கலாம்.

அவரவர் நாட்குறிப்பில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். படிப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாதபோது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், ஆண்டை நான்கு இலக்கமாகப் போடுங்கள். ‘7 ஆகஸ்ட் 2024’, ‘ஆகஸ்ட் 7, 2024’, எது முதலில் வந்தாலும் சரி, குழப்பம் இல்லை.

கோப்புகளுக்கும் அட்டவணைகளுக்கும் 2024-08-07 என்ற வடிவம்தான் என் தேர்வு. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1988-இல் வெளியிட்ட 8601 தரம் சொல்வது இதைத்தான். ஆண்டு, நாள், மாதம் என்ற வரிசையில் எழுதும் பழக்கம் எங்கும் பரவலாக இல்லை என்பதால், நான்கு இலக்க ஆண்டு முன்னால் நின்றாலே அடுத்தது மாதம் என்று தெரிந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. தேதியைப் பெயராக வைத்த என் பழைய கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கினால் 02-01-2024 முதலில் நிற்கும், அதற்கு முன்பே எழுதிய 30-12-2023 கீழே கிடக்கும். ஆண்டை முன்னால் மாற்றியதும் எல்லாம் தானாகவே கால வரிசையில் நின்றன. ஆனால் 8 என்று விடாமல் 08 என்று போட வேண்டும். இல்லையென்றால், எண்களை எழுத்துகளாக எடுத்து வரிசைப்படுத்தும் இடங்களில் 10ஆவது மாதம் 8-க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், கடைசித் தேதி அறிவிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘7ஆம் தேதி நள்ளிரவு 12 மணி வரை’ என்று எழுதாதீர்கள். அது 7 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? 23:59 என்று போட்டு, எந்த நாட்டு நேரம் என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.