கூரைக்குள்ளே மழை
கேம்பர்வேனில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன்) மாசக்கணக்கில் சுற்றப் போகிறேன் என்றதும் எல்லாரும் டீசல் செலவைப் பற்றித்தான் கேட்டார்கள், இந்த ஈரத்தைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. குளிர் இரவில் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு ரெண்டு பேர் தூங்கினால், விட்ட மூச்செல்லாம் கூரைத் தகட்டில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டு சொட்டாக நெற்றியிலேயே விழுகிறது.

போதாததற்கு உள்ளேயே கேஸ் அடுப்பு. அடுப்பு கேஸான புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். மெத்தையைத் தூக்கிப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது. அடியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை! பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று போக இடமே இல்லை, பின்னே எப்படிக் காயும்? கூரையில் காற்று போக வைத்த வென்ட்டைத் திறந்துவைத்தால் ஈரம் குறைகிறது, ஆனால் மூக்கு விறைத்துப்போகிறது, சாத்தினால் மறுபடி மழை. (ராத்திரி முழுக்க ஹீட்டர் போடலாமே என்பவர்கள் முதலில் என் பேட்டரியைப் பார்க்கட்டும்.)

டாய்லெட் கழிவு சேரும் பெட்டி கிட்டத்தட்ட 20 லிட்டர்தான், ரெண்டு பேருக்கு மூணு நாள் வந்தால் அதிகம், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது... வேண்டாம், விடுங்கள். வண்டி லேசாகச் சரிந்து நின்றால் தூக்கத்தில் உருண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறோம். அந்தச் சுவரும் ஈரம்தான்.

இன்றைக்கும் எழுந்ததும் முதல் வேலை ஜன்னலைத் துடைத்துத் துணியைப் பிழிவது. வெளியே தூறல். அப்புறம் பிழிந்த துணியை எங்கே காயப்போட்டேன்? உள்ளேதான்.