தீயணைப்பு வீரர்கள் 'வேடிக்கை பார்த்தார்கள்' என்பது சரியா?

வீடு எரிகிறது, வந்தவர்கள் தண்ணீர் அடிக்காமல் நின்றார்கள், போதாக்குறைக்கு நல்ல ஜன்னலையும் உடைத்தார்கள். இப்படிச் சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலும் காட்சி பொய்யில்லை, விளக்கம்தான் தவறு.

அந்த முதல் நிமிடங்களில் ஒருவர் வீட்டைச் சுற்றிவந்து புகை எங்கிருந்து வருகிறது, உள்ளே ஆள் உண்டா என்று பார்ப்பார். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஹோஸை மடிப்பில்லாமல் விரித்த பிறகே தண்ணீரைத் திறப்பார்கள். முறுக்கு விழுந்தால் முனையில் வேகமே இருக்காது. வண்டித் தண்ணீரும் கொஞ்சம்தான். 2,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 400 லிட்டர் வீதம் அடித்தால் ஐந்தே நிமிடத்தில் காலி. வெளியில் தெரியும் புகைமேல் பீய்ச்சினால் அது வீண்.

ஜன்னல் விஷயம் இன்னும் நுட்பமானது. மூடிய அறையில் ஆக்சிஜன் குறைந்து தீ அடங்கியதுபோல் கிடக்கும். காற்று புகுந்தால் குப்பென்று பற்றும். ஆகவே ஹோஸ் தயாரான பிறகே திறப்பு. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த நீராவியும் புகையும் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் வெந்துவிடுவார். நேரம் தப்பி உடைத்தால் தீ கூடும் என்பதும் உண்மையே. உடைத்தபோது ஹோஸில் தண்ணீர் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தாமதமாக வந்தார்களா என்பது வேறு புகார். அதற்கு வீடியோ போதாது, அழைப்பு வந்த நேரமும் வண்டி புறப்பட்ட நேரமும் வேண்டும்.