டியூஷன் பிறகு, முதலில் ஒரு சுளகு

நாலு வயதுப் பிள்ளைக்கு டியூஷன் தேடித் திரிபவர்களைக் கண்டால், முதலில் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு சுளகைக் கொடுங்கோ என்று சொல்ல வாய் வரும். சொல்வதில்லை. சொன்னால், "உங்கட பிள்ளை இப்பதானே ஒண்டாம் ஆண்டு, அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை வரட்டும், அப்பத் தெரியும்" என்பார்கள். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன், திட்டுபவர்கள் கீழே திட்டலாம்.

சமையலறையில் சின்னப் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்கிறது என்றால், அதற்குக் காரணம் அங்கே நடப்பது உண்மையான வேலை என்பதுதான். பிள்ளை கை வைத்த பிட்டைத்தான் இரவைக்கு வீடே சாப்பிடப்போகிறது. உப்புக் கூடினால் எல்லாருக்கும் கூடும். தலையில் வெள்ளைத் தொப்பி வைத்து, கடையில் வாங்கிய கேக்கின் மேல் கலர் மிட்டாய் தூவவிட்டு, படம் எடுத்துப் போடுகிறோமே, அது வேறு. படம் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளை அங்கே இல்லாவிட்டாலும் கேக் கேக்தான்.

பிட்டையே எடுத்துக்கொள்வோம். வறுத்த அரிசி மாவில் கொதிதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் கிளறுவது என் வேலை, அதில் பிள்ளைகளுக்கு இடமில்லை. சூடு ஆறியபின் கட்டிகட்டியாக இருக்கும் மாவைச் சுண்டின் (அரிசி அளக்கும் பேணியின்) விளிம்பால் கொத்தி உதிர்ப்பது பிள்ளைகளின் வேலை. ஆளுக்கொரு சுண்டு, நடுவில் ஒரு தாம்பாளம். தண்ணீர் கூடினால் மா களியாகிச் சுண்டில் ஒட்டும், குறைந்தால் மாவாகவே இருந்து சாப்பிடும்போது தொண்டையை அடைக்கும். எவ்வளவு தண்ணீர் என்று அம்மம்மாவைக் கேட்டால் "மா கேக்கிற அளவு" என்பார். சின்ன வயதில் எனக்கு அந்தப் பதில் எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான பதில் இல்லை, ஏனென்றால் புதிதாக இடித்த மாவுக்கும் பழைய மாவுக்கும் குடிக்கும் தண்ணீரின் அளவு ஒன்றல்ல. பிள்ளை அதைக் கையால் பிடித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும், கொப்பியில் எழுதிக் கொடுக்க முடியாது. சிந்திய தேங்காய்ப்பூவைக் கூட்டி அள்ளுவதும் அவர்கள் வேலைதான், அதை விட்டுவிடாதீர்கள்.

கணக்கும் வரும், கூப்பிடாமலே வரும். ஒரு சுண்டு பச்சையரிசிக்கு ரெண்டு சுண்டு தண்ணீர் என்று பழகிய பிள்ளையிடம், சித்தப்பா குடும்பம் வரும் நாளில் ரெண்டரைச் சுண்டு அரிசியைப் போட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். மூத்தவன் ஐந்து சுண்டு என்று சொல்லவில்லை, அரைக்கு ஒன்று, ரெண்டுக்கு நாலு என்று தனித்தனியாக ஊற்றினான். வந்த இடம் சரிதான். நான் வாய் திறக்கவில்லை.

தேங்காய்ப்பால் பிழியும்போது இன்னொரு வேடிக்கை. அகன்ற கிண்ணத்தில் இருந்த பாலை ஒடுங்கிய உயரக் கிளாசுக்கு மாற்றினால், சின்னவள் பால் கூடிவிட்டது என்று சத்தியம் பண்ணுவாள். அண்ணன் சிரிக்க, அவள் அழ, திரும்பக் கிண்ணத்துக்கு ஊற்று, திரும்பக் கிளாசுக்கு ஊற்று. ஆறேழு வயது வரைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள் என்று சுவிற்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கிளாசும் தண்ணீரும் வைத்துச் செய்து காட்டியிருக்கிறார். இல்லை, அளவு ஒன்றுதான் என்று நாம் விளக்கி அந்த வயதுப் பிள்ளைக்கு ஏறாது. ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும், ஒரு நாள் அதுவாகப் பிடிபடும். அதுவரை கொஞ்சம் பால் நிலத்துக்குப் போகும், போகட்டும்.

விஞ்ஞானம் என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம். சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின் ஏன் தேசிக்காய்ப் புளி விடுகிறோம்? கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும், ஒரு கரண்டிப் பாலில் விட்டுக் காட்டினால் போதும். மஞ்சள் பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டதும் கறை சிவப்பாவதைப் பார்த்து மூத்தவன் இரத்தம் என்று கத்தினான். அதிலேயே தேசிக்காயைப் பிழிந்ததும் மறுபடி மஞ்சளானது. காரம், அமிலம் எல்லாம் பெரிய வகுப்பில் படிக்கட்டும், கண்ணால் கண்டது அப்போது உதவும்.

கோதுமை மா விஷயம் எனக்கு இன்னும் பிடித்தது. ரொட்டிக்குப் பச்சை மா, இடியப்பத்துக்கு அவித்து அரித்த மா. ஏன் என்று பிள்ளை கேட்டால் ரெண்டையும் ஒவ்வொரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசையக் கொடுங்கள். பச்சை மா றப்பர் மாதிரி இழுபடும், அதிலிருக்கும் புரதம் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால். அவித்த மாவில் அந்தப் புரதம் சூட்டில் மாறிவிட்டது, அவ்வளவாக இழுபடாது. இந்த மா எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் திருகோணமலைக்காரருக்குப் பதில் கிட்டவே இருக்கிறது. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வந்து சீனக்குடா பிரீமா ஆலையில் அரைபடுகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது காட்டுங்கள். அரிசிக்குத் தம்பலகாமத்து வயலைக் காட்டுங்கள். மீனுக்குக் காட்டவே தேவையில்லை, மீன் வெட்டும் இடத்தில் பிள்ளையைக் கூட நிற்கவிட்டால் போதும். கணவாயின் மைப்பையைக் கிழியாமல் எடுப்பதைச் சின்னவள் மூச்சு விடாமல் பார்ப்பாள். உப்புவெளிக் கரையில் பொறுக்கி வைத்திருந்த வெள்ளை ஓடு அதற்குள்ளேயிருந்து வந்தது என்று தெரிந்த அன்றைக்குக் கேள்வி ஓயவேயில்லை.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. மரியா மொண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் சின்னப் பிள்ளைகள் கூட்டினார்கள், கழுவினார்கள், சூப் பரிமாறினார்கள். உடைந்துவிடும் என்று பிளாஸ்டிக் கொடுக்காமல் உண்மையான கண்ணாடியும் பீங்கானும் கொடுப்பதுதான் அந்த முறை. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இங்கே தெருவுக்குத் தெரு அவர் பெயரில் பள்ளி இருக்கிறது, உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை குனிந்தபடி "அ" எழுதிக்கொண்டிருக்கிறது. முருங்கையிலை உருவவும் வெங்காயம் உரிக்கவும் பழகிய விரலுக்குப் பென்சில் பாரமாக இராது என்பது என் துணிபு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சமையலறையையும் வகுப்பாக்கிவிடாதீர்கள். "இதில் எத்தனை வெண்டிக்காய் இருக்கு சொல்லுங்கோ பாப்பம்", "இது என்ன கலர்" என்று நொட்டிக்கொண்டே நின்றால் பிள்ளை ரெண்டாம் நாள் டிவிக்குப் போய்விடும். நியாயம்தானே. வேலை செய்யும் ஆளை யாராவது நிமிடத்துக்கொரு கேள்வி கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். பொரிக்கும் எண்ணெய், கஞ்சி வடிப்பது, பிட்டுப் பானையின் ஆவி, திருவலை, இவற்றுக்கு என் வீட்டில் அனுமதி இல்லை. மிளகாய்த்தூளும் இல்லை, அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் அன்றைய பொழுது போயிற்று. தாச்சியின் பிடி எப்போதும் சுவர்ப் பக்கம். பாடசாலை நாள் காலையில் இதையெல்லாம் தொடங்கவே வேண்டாம், ஏச்சில்தான் முடியும். சனி, ஞாயிறு பின்னேரம் போதும். வேலைக்குப் போய்க் களைத்து வரும் அம்மாவின் தலையில் இதையும் கட்டாமல் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கலாம், ரொட்டி தட்டத் தெரிந்தால் போதும்.

"ஆம்பிளைப் பிள்ளையை ஏன் குசினிக்குள்ள விடுறாய்" என்ற கேள்வி இன்னும் வருகிறது, அதுவும் சொந்தத்துக்குள் இருந்தே. 2022-இல் கேஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்ற காலத்தில், அக்காவின் மகன்தான் பின்வளவில் மூன்று கல் வைத்துச் சோறு ஆக்கினான். பன்னாடை சீக்கிரம் பற்றும், சிரட்டை நின்று எரியும், ஈரப் பொச்சுமட்டை புகையும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதுக்குள் அம்மம்மாவோடு குந்தியிருந்து பழகியது. அன்றைக்கு அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களில் இந்தக் கேள்வி கேட்பவர்களும் உண்டு.

சரி, எனக்கு ஒரு உதவி வேண்டும். சின்னக் கைக்கு ஏற்ற, விரலை வெட்டாத, ஆனால் மரக்கறியை வெட்டும் கத்தி டவுனில் எங்கே கிடைக்கும்? நான் பார்த்த கடைகளில் இருப்பதெல்லாம் விளையாட்டுச் சாமான், வெண்டிக்காய்கூட நசிகிறதே தவிர வெட்டுப்படவில்லை. இப்போதைக்கு வெண்ணெய் பூசும் கத்தியால் வாழைப்பழமும் அவித்த உருளைக்கிழங்கும்தான் வெட்டுகிறார்கள். வாங்கிய ஆட்கள் இருந்தால் கடையின் பெயரைக் கீழே போடுங்கள்.