பங்கு பிரிப்பதற்கு முன்

பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது வரப்புத் தகராறுதான். இணை நிறுவனர் என்ற புதிய சொல்லில் அந்தப் பழைய வில்லங்கம் இல்லை என்று ஸ்டார்ட்அப் தொடங்கும் இளைஞர்கள் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கல்லூரி விடுதியில் என் அறையில் தங்கியிருந்த நண்பரும் நானும் மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியபோது, ஆளுக்குப் பாதிப் பங்கு என்பதை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டோம். எட்டாவது மாதம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பக் கடன் இருந்த அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் பாதிப் பங்கும் அவரோடு போனது. பிறகு பேச வந்த முதலீட்டாளர், வேலையில் இல்லாத ஒருவரிடம் 50 விழுக்காடு இருக்கும் நிறுவனத்தில் பணம் போட மறுத்துவிட்டார்.

இதற்கு வெஸ்டிங் என்ற வழி முன்பே இருக்கிறது. வழக்கமாகப் பங்குகள் 4 ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும். முதல் ஆண்டு முடியுமுன் விலகுபவருக்கு எதுவும் சேராது, ஒன்றரை ஆண்டில் விலகினால் அவருக்கு ஒதுக்கியதில் 37.5 விழுக்காடு மட்டுமே சேரும். நிறுவனத்தைப் பதிவு செய்வதற்கு முன் எழுதிய கோடிங்கின் உரிமையையும் எழுத்து மூலம் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது எழுதியவருக்கே சொந்தம். (பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி ஒப்பேற்றுவோர் பலர். தனி ஆளாகவே தொடங்க நினைப்பவருக்கு 2013 கம்பெனிகள் சட்டத்தில் ஒருநபர் நிறுவனம் என்ற வழி உண்டு.)

ஆளைத் தேர்வு செய்வது பற்றிக் கேட்டால், ஒருவருக்குத் தொழில்நுட்பமும் மற்றவருக்கு விற்பனையும் தெரிந்தால் போதும் என்பார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஜோஹோ என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 2007-இல் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் அமேசானிலிருந்து வந்தவர்கள். வேறொரு முதலாளியின் செலவில் ஒருவரையொருவர் எடைபோட்டுப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்பு இல்லாதவர்கள், காசு கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக மூன்று மாதமாவது சேர்ந்து வேலை செய்துவிட்டு, அதன்பின் பங்கைப் பற்றிப் பேசலாம். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் அவர் போனை எடுக்கிறாரா, தன் தவறை நாம் கண்டுபிடிக்குமுன் தானே சொல்கிறாரா என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றிய கேள்வியைத்தான் கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. சம்பளமே இல்லாமல் உங்கள் வீடு எத்தனை மாதம் ஓடும்? தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருத்துவச் செலவு, வீட்டுக்கடன் தவணை எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருப்பதால், அதைக் கேட்பது அநாகரிகம் என்று ஒதுங்கிவிடுகிறோம். என் முதல் கூட்டாளியிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. இரண்டாவது முறை, வேறொருவரோடு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே இருவரும் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டிக்கொண்டோம். எனக்குப் பதினான்கு மாதம் தாங்கும், அவருக்கு ஒன்பது. ஒன்பதை வைத்துத்தான் திட்டம் போட்டோம்.