ஓகஸ்ட் லீவும் அப்பாவின் மாட்டுப் பட்டியும்

ஓகஸ்ட் பிறந்தால் கனடா, லண்டன், பாரிஸ் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எங்கள் சனம் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து இறங்குகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கு முன்னும் பின்னும் கொழும்பில் உடுப்புக் கடை, நுவரெலியாவில் குளிர், திருகோணமலையில் கடல். வன்னியில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு என்ன மிஞ்சுகிறது? யாழ்ப்பாணம் போகிற வழியில் ஏ9 வீதியை விட்டு மாங்குளத்தில் திரும்பி, மத்தியானம் ஒரு கோழிக்கறிச் சாப்பாடு, ஒரு இரவு, விடிய மாட்டோடு நாலு படம். பிறகு வான் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடும்.

இது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகளின் லீவில் பெரும்பங்கு அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். போனால் அங்கே அவர்கள் விருந்தாளியாக இருக்கக் கூடாது, கைவேலை செய்ய வேண்டும். இந்த முறை கனடாவிலிருந்து போன நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதற்கு என் சொந்தக்காரர் சிலர் முகத்துக்கு நேரே சொன்னது: "இவ்வளவு காசு செலவழிச்சு வந்து பிள்ளையளை மாடு மேய்க்க விட்டிருக்கிறாய்."

அந்தச் சொல்லின் சூடு எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். "படிக்காட்டில் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று ஏச்சு வாங்காமல் எங்களில் யார் வளர்ந்தோம்? ஆனால் என்னையும் அண்ணாவையும் படிப்பித்தது மாடுதான். பாலுக்கு வந்த காசில் கொப்பி, பேனா, ரியூசன். யாழ்ப்பாணத்துப் புகையிலை, வெங்காயத் தோட்டங்களுக்கு லொறியில் ஏறிப்போன எருவின் காசில் அண்ணாவின் கம்பஸ் செலவு. இதை என் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வளர்க்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில். கொஞ்சம் வயல், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி. மிச்சம் மேட்டுக்காணி. பின்னால் காடு. பட்டி என்றால் கனடாவில் பார்க்கிற பண்ணைபோல சிமெந்துத் தரையும் கறக்கிற மெசினும் என்று நினைக்காதீர்கள். பெரிய பாலை மரத்துக்குக் கீழே அலம்பலும் கட்டையும் சேர்த்து அடைத்த ஒரு அடைப்பு, அதற்கு ஒரு படலை, உள்ளுக்குள் கன்றுகளுக்கு இன்னொரு சின்ன அடைப்பு. எல்லாம் ஊர் மாடு. கறப்பு விடியற்காலையில் ஒரு தரம்தான், அதுவும் ஒரு பசு ஒன்று, ஒன்றரை லீற்றர் தந்தால் பெரிய காரியம். இரவில் கன்றைப் பிரித்து அடைப்பார்கள். விடியக் கறந்து முடிந்ததும் தாயும் கன்றும் சேர்ந்து மேய்ச்சலுக்குப் போகும், பொழுதுபடத் தானாகத் திரும்பி வரும்.

மகளுக்கு 11 வயது. அம்மப்பா அவளுக்குக் கொடுத்த வேலை, கன்று அடைப்பின் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவர் எந்தப் பசுவின் பேரைச் சொல்கிறாரோ அதன் கன்றை மட்டும் வெளியே விட வேண்டும். "சுட்டியின்ர கன்றை விடு பிள்ளை." கேட்க லேசு. உள்ளே ஒரே உயரத்தில், ஒரே செம்மண் நிறத்தில், ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறவற்றில் எது சுட்டியின் கன்று? பிழையானது போனால் பசு மணந்து பார்த்துவிட்டுக் காலால் தள்ளிவிடும், பாலும் இறக்காது. சரியானது போனால் கன்று முட்டி முட்டிக் குடிக்க, தாய் அதன் முதுகை நக்க, மடி சுரந்து வரும். அந்த நேரம் பார்த்து அப்பா கன்றைத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுக் குந்தியிருந்து கறப்பார். ஒரு காம்பு கன்றுக்கு. அதில் அவர் கைவைப்பதில்லை. பால் எவ்வளவு குறைந்த நாளிலும் வைத்ததை நான் பார்த்ததில்லை.

முதலாம் நாள் அவள் விட்ட கன்றைச் சுட்டி உதைத்துத் தள்ளியது. பிள்ளை பயந்துபோனாள். அப்பா ஏசவில்லை. எழும்பி வந்து கன்றுகளுக்கு நடுவில் அவளை நிற்க வைத்துக் காட்டினார். "நெத்தியைப் பார். தாய்க்கு வெள்ளை இருக்கிற அதே இடத்தில இதுக்கும் ஒரு பொட்டு. இது கொம்பியின்ர, வலக்காதில ஒரு கிழிசல். சிவலையின்ர கன்றுக்கு வால் நுனி கறுப்பு." பிறகு ஒவ்வொரு நாளும் பேரைச் சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். பால் எடுக்க வருகிறவர் ஏழு மணிக்குள் மோட்டார் சைக்கிளில் கானோடு வந்து நின்று பால்மானி போடுவார். பிந்தினால் போய்விடுவார். அது தெரிந்தும் அப்பா அவசரப்படுத்தவில்லை. கனடாவுக்குத் திரும்ப வெளிக்கிடுகிற கிழமை, கன்றொன்றைப் பார்த்து நான் ஏதோ பேர் சொல்ல, "இல்லை அம்மா, அது கொம்பியின்ர இல்லை, காதைப் பாருங்கோ" என்று என்னைத் திருத்தினாள். கனடாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிற பிள்ளை, விடியப்புறம் ஐந்து மணிக்கு தமிழில் பசுக்களோடு கதைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஓகஸ்ட் மாதம் வன்னியில் லேசான மாதமில்லை. கச்சான் காற்று புழுதியை அள்ளி அடிக்கும். புல் கருகிக் கிடக்கும். குளத்துத் தண்ணி பாய்கிற சிறுபோக வயல் மட்டும்தான் பச்சை, மாட்டின் கண்ணும் அங்கேதான். மற்றவனின் வெள்ளாமையில் வாய் வைத்தால் சண்டை, கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டினால் தண்டம். ஆகவே பின்னால் ஆள் போக வேண்டும். 70 வயது கடந்த மனிசன் தனியாகத்தான் இவ்வளவு காலமும் போகிறார். இந்த ஓகஸ்ட்டில் வவுனியாவிலிருந்து வந்த அண்ணாவின் பிள்ளைகளும் என்னுடைய இரண்டும் தடியோடு கூடப் போனார்கள். நாவற்பழம் தின்று நாக்கு ஊதாவாகி, வீரைப்பழம் பொறுக்கிச் சட்டைப் பையெல்லாம் கறையாகித் திரும்பினார்கள்.

பயம் இல்லையா என்று கேட்டவர்களுக்கு: இருக்கிறது. காட்டில் தெரியாத இரும்புச் சாமான் எதையும் தொடக் கூடாது, யுத்தத்தில் மிஞ்சின வெடியாக இருக்கலாம், கண்டால் நின்ற இடத்திலிருந்து கூப்பிட வேண்டும். பெரியவர்கள் இல்லாமல் குளத்தில் இறங்கக் கூடாது, முதலை உண்டு. இருட்டினால் செருப்பும் ரோச் லைற்றும் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது, புடையன் பாம்பு கிடக்கும். பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பிறகு அது யானையின் நேரம். அப்பா முதலே இதையெல்லாம் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் திருப்பிச் சொல்ல வைத்தார். அந்த மண்ணில் எங்கே கால் வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது. அவரோடு அனுப்பாமல் வேறு யாரோடு அனுப்புவது?

பின்னேரத்தில் நுளம்புக்கும் மாட்டு ஈக்கும் பட்டியடியில் வேப்பிலை போட்டுப் புகை மூட்டுவார்கள். கதை நடக்கிறது அப்போதுதான். 2008 கடைசியில் யுத்தத்தில் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டபோது படலையைத் திறந்துவிட்டுப் போனதை அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னார். கட்டி வைத்தால் பட்டினியில் சாகும், திறந்துவிட்டால் எங்கேயாவது மேய்ந்து பிழைக்கும் என்று கணக்குப் பண்ணித்தான் திறந்தாராம். பிறகு புதுக்குடியிருப்பு, அதற்கு அங்காலும், செட்டிகுளம் முகாம். 2010இல் திரும்பி வந்து காடு காடாகத் தேடியதில் ஒரு சில பசுக்கள் அகப்பட்டன. இப்போது மாட்டின் காதில் இலக்கத் தோடு குத்துகிறார்கள், அப்போது தொடையில் குறி சுடுவதுதான். அந்தத் தழும்பை வைத்துத்தான் தன்னுடையது என்று நிரூபிக்க முடிந்தது. மகள் கேட்டாள், "அப்ப நீங்கள் இல்லாத நேரம் பிறந்த கன்றுகளுக்குக் குறி இல்லையே, அதுகள் ஆருக்கு அம்மப்பா?" அவர் சொன்னார், "எந்தப் பசுவுக்குப் பின்னால வருதோ, அந்தப் பசுவின்ர சொந்தக்காரனுக்கு. அதில ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை பிள்ளை."

இந்தக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்கிறார்கள். அவர் வாயால் கேட்காவிட்டால் என் பிள்ளைகள் எங்கேயோ யாரோ சொல்ல அரைகுறையாகக் கேட்பார்கள். மாட்டையும் தழும்பையும் காட்டிச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்கட்டும். "வன்னியில பார்க்க என்ன இருக்கு" என்று கேட்கிறவர்களுக்கு தான்தோன்றீஸ்வரர் கோயில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803இல் வெள்ளைக்காரரிடம் தோற்ற இடமென்று கல் நட்ட கற்சிலைமடு, வற்றாப்பளை அம்மன் கோயில், நந்திக்கடல் எல்லாம் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளும் ஒரு பகல் போய்ப் பார்த்தார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படித் தங்குவதென்றால் அந்த வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. மூன்று வேளையும் பத்துப் பேருக்கு அவர் அடுப்படியில் நின்றால், அது அவருக்கு லீவா தண்டனையா? நானும் மச்சாளும் குசினியை எடுத்துக்கொண்டோம். பிட்டும் சம்பலும், குளத்து விரால் குழம்பு, முட்டித் தயிர், பிள்ளைகள் அதைத்தான் சாப்பிட்டார்கள். கிணற்றில் தண்ணி கீழே போயிருக்கிற மாதம், ஆளுக்கு இத்தனை வாளி என்று மகனே எண்ணி ஊற்றினான். அம்மா பின்னேரத்தில் கால் நீட்டி இருந்து பேத்திகளுக்குத் தலை இழுத்துவிட்டார்.

காசு விசயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறோம், நாங்கள் வந்து குளிக்க ரைல்ஸ் பதித்த பாத்ரூம் கட்டுகிறோம், ஏசி பூட்டுகிறோம். நாங்கள் போன பிறகு அதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த மழையிலும் குளிர்காற்றிலும் வடக்கு கிழக்கில் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பட்டியிலும் செத்தன, கூடுதலாகக் கன்றுகள். கூரையில்லாத திறந்த பட்டி, உடம்பில் கொழுப்பில்லாத ஊர் மாடு, விடாத மழை. போனில் அப்பாவின் குரலைக் கேட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலபோகத்துக்கு, அதாவது மாரி வெள்ளாமைக்கு, வயலெல்லாம் உழுதால் மாட்டுக்குப் போக்கிடம் காட்டோரம்தான், இப்போது அங்கேயும் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். மேய்ச்சல் தரவை ஒதுக்கித் தாருங்கள் என்று வன்னியில் மாடு வைத்திருக்கிறவர்கள் வருசக்கணக்காகக் கேட்கிறார்கள். அரைவயிற்றோடு மழைக்குள் நிற்கிற மாட்டுக்குக் குளிரைத் தாங்க ஏலுமா?

பட்டியில் நாட்கணக்காக நின்றதால்தான் மகள் என்னிடம் வந்து, "மழை வந்தா கன்றுகள் எங்க நிக்கும்?" என்று கேட்டாள். ஒரு இரவு தங்கிப் படம் எடுத்துப் போகிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராது. பாத்ரூமுக்கு என்று சேர்த்த காசைக் கன்றுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டோம். தெற்கும் மேற்கும் திறந்து, வாடைக்காற்று அடிக்கிற பக்கம் அடைத்து, தகரக் கூரை போட்டு, தரையை மண் நிரப்பி உயர்த்த வேண்டும் என்று அப்பா தடியால் நிலத்தில் கீறிக் காட்டினார். மரம் வந்து இறங்கிவிட்டது. ஐப்பசி மழை தொடங்க முதல் கூரை ஏறிவிட வேண்டும், அண்ணா கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவிலிருந்து போய்ப் பார்க்கிறார். உங்கள் அப்பா அம்மாவும் மாடு வைத்திருந்தால், அடுத்த ஓகஸ்ட்டுக்கு ரிக்கற் போட முதல் ஒரு போன் எடுத்து, மாரிக்கு என்ன தேவை என்று கேளுங்கோ. ஏசி பற்றிப் பிறகு கதைக்கலாம்.