ஐந்து வயதுக் குழந்தைக்கு 9,090 கற்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் குடும்பக் குழுவிலும் இங்கேயும் நடப்பதை நண்பர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உறவில் ஒரு பையனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு, ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தும் லெகோ பிளாஸ்டிக் கற்களால் கட்டும் டைட்டானிக் கப்பல் பெட்டியைப் பரிசாகக் கொடுத்து, அந்தப் படத்தைக் குழுவில் போட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கதையை நான் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பிறந்தநாள் படத்தின் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரிதான்: "இது பிள்ளைக்கு வாங்கியதா, பிள்ளையின் அப்பாவுக்கு வாங்கியதா?" அதற்கு வந்த பதில்களைப் படித்தவர்கள், நான் ஏதோ விழா வீட்டில் புகுந்து கேக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

நான் கேட்டது இன்றும் நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். லெகோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட அந்த டைட்டானிக் மாதிரியில் 9,090 துண்டுகள் இருக்கின்றன. கட்டி முடித்தால் 135 சென்டிமீட்டர் நீளம், அதாவது அந்தப் பிறந்தநாள் குழந்தையைவிட நீளம். பெட்டியின் மேலேயே 18+ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பெரியவர்களுக்காக, பெரியவர்களின் பொறுமைக்காக, பெரியவர்களின் அலமாரிக்காகச் செய்திருக்கிறார்கள். அதை ஐந்து வயதுப் பையனின் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அப்பா கட்டிய முன்பகுதியை அவன் தொட வரும்போது "தொடாதே, உடைஞ்சிடும்" என்று கையைத் தட்டிவிடும் காணொளியையும் பெருமையாக அதே குழுவில் போடுகிறார்கள். பிறந்தநாள் யாருக்கு என்று நான் கேட்டால் மட்டும் அது வயிற்றெரிச்சல் ஆகிவிடுகிறது.

நான் சொல்ல வருவது மிக எளிய விஷயம். கட்டுமானக் கற்களைப் பரிசாக வாங்கும்போது, அந்தக் கற்களை யாருடைய விரல்கள் அழுத்தப் போகின்றன என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் அளவையும், விலைச்சீட்டையும், படத்தில் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதையும் பார்த்து வாங்கக் கூடாது.

"எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், பெட்டியில் போட்டிருக்கும் வயதெல்லாம் அவனுக்குப் பொருந்தாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியில் உள்ள வயது புத்திக்குப் போடப்பட்ட மதிப்பெண் அன்று. மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்ற குறி இருப்பதற்குக் காரணம், சிறு துண்டு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதுதான். தொண்டைக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. ஒன்றரை வயதிலிருந்து விளையாடும் குழந்தைகளுக்காகவே லெகோவின் டூப்லோ என்ற பெரிய கற்கள் 1969 முதல் இருக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரணக் கல்லைப்போல இரண்டு மடங்கு. விழுங்க முடியாது, பிஞ்சுக் கைக்கு அடங்கும், பின்னாளில் சாதாரணக் கற்களோடும் இணையும். நான்கு வயதில் தொடங்குவோருக்கு 4+ என்று போட்ட பெட்டிகள் வருகின்றன. வண்டியின் அடிப்பாகம் ஒரே துண்டாக இருக்கும், பிள்ளை சக்கரத்தைப் பொருத்தி, மேலே நாலு கல்லை அடுக்கினால் வண்டி ஓடும். ஐந்து வயதுக்கு வேண்டியது அதுதான்: சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, சாப்பாடு ஆறுவதற்குள் "பார்த்தியா அத்தை" என்று தூக்கிக்கொண்டு ஓடிவரக் கூடிய ஒரு வண்டி.

இதற்கு மாறாக டைட்டானிக் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர்களே சொன்னார்கள். இதுபோன்ற பெரிய பெட்டிகளில் துண்டுகளை எண் போட்ட பைகளில் தருவார்கள். முதல் பையை முடித்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். குழந்தை என்ன செய்யும்? கிடைத்த பைகளை எல்லாம் கிழித்து அண்டாவில் கொட்டியது. கொட்டத்தான் செய்யும், அது குழந்தை. பிறகு அப்பாவும் சித்தப்பாவும் இரவெல்லாம் உட்கார்ந்து, மிளகு அளவுத் துண்டுகளை நிறம் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். அதற்கும் திட்டு வாங்கியது குழந்தைதான்.

"இப்போது முடியாவிட்டால் என்ன, வளர்ந்து கட்டிக்கொள்வான்" என்பது இன்னொரு வாதம். அப்படியானால் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் இப்போதே வாங்கிக் கொடுங்கள்.

விலையைப் பற்றி எழுதியவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் அதை 70 ஆக உயர்த்தினார்கள். டென்மார்க் நிறுவனமான லெகோவின் பெட்டியை நடுத்தரக் குடும்பம் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருவதில் வியப்பில்லை. அந்தப் பெயர்தான் வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவும் இல்லை. 1958இல் பதிவான அந்தக் கல்லின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அப்படிப்பட்ட கல்லைச் செய்து விற்கலாம். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். கடைக்காரர் அனுமதித்தால் இரண்டு கற்களை அழுத்திப் பாருங்கள். பெரியவர் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்தாலோ, தூக்கியதும் தானாகக் கழன்று விழுந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மாதிரியையும் பெட்டிப் படத்தையும் அப்படியே திருடி வேறு பெயரில் விற்பது மட்டும் தனி விவகாரம். லெபின் என்ற பெயரில் அதைச் செய்தவர்களுக்குச் சீன நீதிமன்றமே 2020இல் சிறைத்தண்டனை கொடுத்தது.

வெறும் கற்கள் மட்டும் இருக்கும் பெட்டியைக் கொடுத்தால் "என்ன, பாதி விலையில் முடித்துவிட்டாள்" என்று பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும், பேசியிருக்கிறார்கள். மேலே எட்டுக் குமிழ்கள் உள்ள கல் ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெறும் கற்களாகவே வரும் லெகோவின் கிளாசிக் வகையில், நடுத்தரப் பெட்டியில் 484 துண்டுகள் இருக்கின்றன. அதில் கப்பல் படம் இல்லை என்பதுதான் நம் ஆட்களுக்குக் குறை.

என் அண்ணன் மகள் ஆறு வயதில் கிரேன் கேட்டாள். தெருமுனையில் அப்போது அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் கிரேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். உறவினர் வரிசையாக இளஞ்சிவப்புப் பெட்டிகளாக வாங்கி வந்தார்கள்: அழகு நிலையம், கேக் கடை, இன்னொரு கேக் கடை. அவள் அழவில்லை. கேக் கடையின் கூரையைப் பிரித்து, அதன் தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டு, உச்சியில் தலைமுடி ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினாள். லெகோ நிறுவனமே 2021இல், ஆண் பெண் பாகுபாட்டைத் தங்கள் பொம்மைகளிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தது. நம் வீட்டு மாமாக்களுக்கு மட்டும் அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அவளிடம் யாராவது "என்ன வேண்டும்" என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் பதில் கிடைத்திருக்கும்.

பெரியவர்களுக்கு வாங்கும்போதும் இதே கதைதான். என் தம்பிக்கு இதுதான் பொழுதுபோக்கு. லெகோவில் இயந்திர பாகங்களோடு வரும் டெக்னிக் வகையில் பற்சக்கரங்களை வைத்து கியர் பெட்டி கட்டுவான், கலைப்பான், மறுபடி கட்டுவான். அவனுக்கு எல்லோரும் காரையே வாங்கித் தருகிறார்கள், ஒரே காரை இரண்டு பேர் வாங்கியதும் உண்டு. அவனுக்கு வேண்டியது ஒரு பை நிறையச் சாம்பல் நிறத் துண்டுகளும் சில அச்சுக் கம்பிகளும். அது பரிசுபோல இருக்காது என்று யாரும் வாங்குவதில்லை. சேகரிப்பாளர்களிலும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 2008இல் வந்த லெகோ தாஜ்மஹால் பெட்டியின் விற்பனை நின்ற பிறகு அதன் விலை எகிறியதும், 2017இல் நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டதும் அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரின் வீட்டில் ஆசையாகப் பெட்டியைக் கிழித்துக் கொடுத்தால் விருந்து அதோடு முடிந்தது. ஆகவே அவர்களிடமும் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

இனி, நான் தவிர்க்கப் பார்த்த அந்தப் பதிலுக்கு வருகிறேன். உறவில் பெரியவர், பெயர் சொல்ல மாட்டேன், "உனக்கென்று ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும் அம்மா" என்று எழுதினார். அதற்குப் பதினேழு பேர் இதயக் குறி போட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அரையாண்டு விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில்தான் கிடந்தார்கள். அவர்களில் எவனுக்கு எந்தக் கல் பிடிக்கும், எவள் கையேட்டைப் பார்க்காமலே கட்டுவாள், எவன் நடுவில் கோபித்துக்கொண்டு கலைத்துவிட்டு ஓடுவான் என்பது எனக்குத் தெரியும். பெற்றால்தான் கவனிக்க முடியும் என்றால், பெற்றவர் வாங்கிய டைட்டானிக்கின் அழகைத்தான் பார்த்தோமே.

பெற்றவர் வாங்கியது என்று சொல்வதும் சரியில்லை. பெட்டி பெரிது, ஆளுக்குக் கொஞ்சம் போடலாம் என்று குழுவில் வசூல் நடந்தது. என் பங்கைக் கேட்டு முதலில் அழைத்தார்கள், "உனக்கென்ன செலவு" என்ற வழக்கமான சிரிப்போடு, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கேட்டார்கள். கொடுத்தேன். என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு "சர்ப்ரைஸ்" என்றார்கள். பணம் அனுப்பும்போது எனக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்ற விசாரணை நடக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டபோதுதான் அது ஞாபகம் வந்தது.

அந்தப் பையனுக்கு நேற்று 4+ குப்பை லாரி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டேன். அடுத்த பிறந்தநாளுக்கு வசூல் தொடங்கும்போது என்னிடமும் தாராளமாகக் கேட்கலாம். பெட்டியின் படத்தை முதலில் அனுப்புங்கள், பிறகு பணம் வரும்.