1971இல் ஆயுதம் தூக்கியவர்கள் யார்?

வறுமைதான் வன்முறைக்குக் காரணம் என்று எல்லாரும் சொல்கிறோம். இலங்கையைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

தீவிலேயே மிக வறிய மக்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இத்தனை பேர் உனக்கு இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் போயின. லயன் எனும் வரிசைக் குடியிருப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் முழுக் குடும்பமும் வாழ்ந்தது. ஆனாலும் மலையகத்திலிருந்து தனியான ஓர் ஆயுத இயக்கம் எழவில்லை.

எழுந்தது வேறிடத்தில். 1971 ஏப்ரல் 5 விடியற்காலையில் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. அன்றிரவு நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள்மீது வேட்டைத் துப்பாக்கிகளும் கையால் செய்த குண்டுகளுமாகப் பாய்ந்தார்கள். கேகாலையிலும் எல்பிட்டியவிலும் சில பகுதிகள் வாரக்கணக்கில் அவர்கள் கையில் இருந்தன. ஊர்ச்சனம் 'சேகுவேராக்காரர்' என்று அழைத்த இந்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இளைஞர்கள் யார்? பிடிபட்டவர்களில் 10,192 பேரின் விவரங்களை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பின்னர் ஆராய்ந்தார். பெரும்பாலானோர் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள், இருபதுகளிலோ அதற்கும் கீழோ வயது, இடைநிலைக் கல்வி பெற்றவர்கள். பள்ளிக்கூட வாசலைக் காணாத ஏழைகளின் கூட்டம் என்று யாரும் சொல்லமுடியாது.

இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கிராமப்புறங்களில் 54 மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. அடுத்த ஆண்டு மலேரியாவுக்கு எதிராக டி.டி.ரி. பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கினார்கள், குழந்தைகள் பிழைத்தார்கள். 1946இல் சுமார் 67 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1971இல் 127 இலட்சம். பிழைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்தார்கள். தாய்மொழியில், பெரும்பாலும் கலைப் பாடங்கள். விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் பெரும்பாலும் பட்டினத்துப் பாடசாலைகளிலேயே இருந்தன.

அதே காலத்தில் தேயிலை, இறப்பர் விலை சரிந்தது. அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதி இல்லை, புதிய தொழிற்சாலை இல்லை. தனியார் கம்பனி வேலைக்கு ஆங்கிலம் கட்டாயம். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். தங்களை வெட்டி வெளியே தள்ளுவதற்கென்றே அது இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். 1971இல் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவும் இதையே கண்டது: படித்த படிப்புக்கும் கிடைக்கிற வேலைக்கும் பொருத்தமே இல்லை.

கோபம் எங்கே திரும்பியது என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிற விடயம். ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அதில் ஒன்றின் தலைப்பு இந்திய விஸ்தரிப்புவாதம். லயன் அறையில் கிடந்த தொழிலாளி அங்கே இந்தியாவின் கருவியாகச் சித்திரிக்கப்பட்டான். வேலையில்லாத பிள்ளைக்குத் தன்னிலும் கீழே கிடந்தவனை எதிரியாகக் காட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது!

இனி வடக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு இல்லை, தொழிற்சாலைகளும் மிகக் குறைவு. படிப்பும் உத்தியோகமுமே பல குடும்பங்களின் முதலீடு. கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில மேய்க்கவேணும் என்று சொன்ன சமூகம் அது. 1956 தனிச்சிங்களச் சட்டம் உத்தியோகத்தின் வாசலைச் சுருக்கியது. மிஞ்சிய வாசல் பொறியியலும் மருத்துவமும். 1970-71 அனுமதியில் அதிலும் கை வைத்தார்கள். பொறியியலுக்கு நாலு பாடத்தில் 400க்குத் தமிழ் மொழிமூல மாணவன் 250 எடுக்கவேண்டும், சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250, 229. பொறியியல் பீடத்தில் மொத்தமே ஏறத்தாழ 150 இடங்கள்தான் அன்று. அதில் கிட்டத்தட்டப் பாதி தமிழ் மாணவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

எண்ணிக்கையில் சில நூறு பிள்ளைகள் மட்டுமே பாதிக்கப்பட்டார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. இடம் கிடைக்காமல் போனவர்கள் சில நூறு பேராக இருக்கலாம். ஆனால் அந்த 23 புள்ளி வித்தியாசம் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. பத்தாம் வகுப்பில் இருந்த பையனும் தன் எதிர்காலத்தை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தான். 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகிவிட்டது. தரப்படுத்தல் எனப்பட்ட இந்தப் புள்ளி முறை அதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழர் போராட்டத்தைப் பல்கலைக்கழக இடங்களுக்குள் சுருக்க முடியாது. 1958 கலவரம், 1972 அரசியலமைப்பு, 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 கலவரம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்தது. அதேபோல, 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவால் மன்னார், வன்னி போன்ற இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். யாழ்ப்பாணத்தின் இழப்பைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நேர்மையல்ல.

1971 கிளர்ச்சியை அடக்க அரசுக்கு உதவி எங்கிருந்தெல்லாம் வந்தது தெரியுமா? இந்தியா, பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த நாடுகள் சில வாரங்களுக்குள் ஆயுதமும் ஹெலிகொப்டரும் கொடுத்தன. இறந்தவர்கள் சுமார் 1,200 என்றது அரசு; அதைவிடப் பல மடங்கு என்பது மற்றவர்களின் மதிப்பீடு.

பிறகு திருத்த முயன்றார்கள். 1972இல் காணி உச்சவரம்பு: வயல் 25 ஏக்கர், மற்றக் காணி 50 ஏக்கர். பிரதேச அபிவிருத்திச் சபைகள் மூலம் கிராமத்தில் சிறு தொழில்கள். எண்ணம் நல்லது. ஆனால் மூலப்பொருள் வரவில்லை, சந்தை இல்லை, யாருக்கு இடம் என்பதை உள்ளூர் அரசியல்வாதி முடிவு செய்தார். 1977க்குப் பிறகு ஆட்சி மாறியதும் எம்.பி. எழுதிக் கொடுத்த சிபாரிசுத் துண்டு இல்லாமல் அரச வேலைக்குப் போகமுடியாத நிலை முற்றியது. வேலைகளின் எண்ணிக்கை கூடியும் கோபம் ஆறாததற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். வேலை இல்லை என்றால் காத்திருக்கும் பிள்ளை, தன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவன் கட்சிக் கடிதத்தோடு உள்ளே போவதைக் கண்டால் காத்திருக்க மாட்டான். 1987-89இல் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியில் தெற்கு மறுபடி எரிந்தது. மாண்டவர்கள் பல பத்தாயிரம். அதன்பின் அமைந்த இளைஞர் ஆணைக்குழு 1990இல் தந்த அறிக்கையில் அரச நியமனங்களில் நடந்த அரசியல் தலையீட்டைத் தலையாய காரணங்களில் ஒன்றாக வைத்தது.

மலையகம் ஏன் எழவில்லை என்ற கேள்விக்கும் இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு வரை கூட்டிக்கொண்டு போகவே யாரும் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். அவர்களுக்கு யாரும் வாக்குறுதி கொடுக்கவில்லை, அதனால் உடைக்கவும் வாக்குறுதி இருக்கவில்லை. அவர்கள் அமைதியாக இருந்ததை நல்ல நிலைமையின் அடையாளமாகக் காட்டுவோர்மீது எனக்குக் கோபம் வருகிறது.

இன்றும் உயர்தரத்தில் தகுதி பெறுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக இடம். 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பங்கிடுகிறார்கள். இந்த வீதங்களை மாற்றச் சொல்லித்தான் எப்போதும் சண்டை. அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. நாட்டின் பத்தாயிரம் அளவான அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம்தான். மொனராகலையிலும் முல்லைத்தீவிலும் நுவரெலியாவிலும் ஓர் இரசாயனவியல் ஆசிரியரும் தண்ணீர் வருகிற ஆய்வுகூடமும் உள்ள பாடசாலையைத் தேடிப் பிள்ளை எத்தனை மைல் போகவேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள்.